குடும்பத்துணியில் வந்த பெண்

லாகோஸில் ரயிலைத் திட்டியவர்களுக்குப் பரிசு கொடுப்பதென்றால் முதல் பரிசு எனக்குத்தான் வரவேண்டும். மைல் டூ பேட்டையிலிருந்து லாகோஸ் தீவு வரைக்கும் டான்ஃபோ ஓட்டுகிறவன் நான். மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு, சாத்தினால் கையோடு வந்துவிடும் கதவு. என் பிழைப்பு அந்த வேன்தான். எங்கள் நெடுஞ்சாலையின் நட்டநடுவில் தண்டவாளத்தைப் போட்டு ஒரு நீல ரயிலை ஓட்ட ஆரம்பித்தார்கள். நான் நெரிசலில் மாட்டிக்கொண்டு முன்னால் நிற்பவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருக்கும்போது அது சத்தமில்லாமல் என்னைத் தாண்டிப் போகும். உள்ளே குளிர்காற்றில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணாடி வழியாக என்னை வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து என் மனைவி அசாபி, "ரயில்ல போய் ஊரைச் சுத்திப் பாக்கணும்" என்றாள்.

வேறு யாராவது கேட்டிருந்தால் நடப்பதே வேறு. ஆனால் அசாபி அப்போதுதான் பிழைத்து எழுந்திருந்தாள். காசநோய். ஆறு மாதம் மாத்திரை விழுங்கி, எலும்பும் தோலுமாகி, பிறகு மெல்ல மெல்லச் சதை பிடித்து, கடைசியில் ஒரு நாள் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போய் வாங்கம்மா. நோய் போயிடுச்சு. இனிமே உங்ககிட்டேருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது." அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அல்லாஹ்வுக்கு நான் சொன்ன நன்றி பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்கு மெதுவாகப் பேச வராது.

பிழைத்து எழுந்தவர்கள் எங்கள் ஊரில் சும்மா இருக்க முடியாது. கூப்பிட்டுச் சோறு போட்டு நன்றி கொண்டாட வேண்டும். தெருவை அடைத்துப் பந்தல் போடலாம், பாட்டுக்காரர்களைக் கூப்பிடலாம் என்று நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். இவளானால் ரயில் என்கிறாள்.

"ஏன் பிசோலா அம்மா, என் வண்டிக்கு என்ன கேடு? தீவுக்கு நான் கூட்டிட்டுப் போக மாட்டேனா?" என்றேன். எங்கள் மகள் பேரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவேன்.

"உங்க வண்டியில ஏறினா நான் எதைப் பாக்குறது? நீங்க போடுற சண்டையத்தான் பாக்கணும். இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். வீடு, சந்தை, ஆஸ்பத்திரி. இதத் தவிர நான் என்ன பாத்திருக்கேன் சொல்லுங்க?"

அவளே தொடர்ந்தாள். "ரயில் கெடக்கட்டும். சந்தையில எங்க வரிசைப் பொம்பளைங்கள எல்லாம் கூப்பிடப் போறேன். அவங்க என் பக்கத்துல உக்காந்து வரணும். என் கையால ஒரு வாய் சாப்பிடணும். அப்பத்தான் எனக்கு நோய் போயிடுச்சுன்னு நான் நம்புவேன். டாக்டரு சொன்னா மட்டும் போதாது."

விஷயம் அதுதான். சந்தையில் அவள் கருவாடு விற்கிறாள். நோய் வந்தபோது வரிசையே அழுதது, வேண்டிக்கொண்டது. பிறகு ஒவ்வொருத்தியாகக் கூடையை நகர்த்திக்கொண்டு போனார்கள். குணமாகி அவள் திரும்பி வந்தபோதும் கூடைகள் பழைய இடத்துக்கு வரவில்லை. சிரித்துப் பேசுவார்கள், தூரத்தில் நின்று.

கொண்டாட்டம் என்றால் எங்களுக்கு முதலில் துணி. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே துணியில் தைத்து உடுத்த வேண்டும். குடும்பத்துணி என்று அதற்குப் பேர். அதை உடுத்திக்கொண்டு வந்து நிற்பவர்களை யார், எவர் என்று எவரும் கேட்பதில்லை. உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். வழக்கமாக வருகிறவர்களே துணியை விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். அசாபி சும்மாவே கொடுத்தாள். பச்சைத் துணியில் மஞ்சள் பறவைகள். வரிசையில் இருந்த எல்லோருக்கும் ஒரு துண்டு. என் பங்குக்கு நானும் ஒரு துண்டை எடுத்துப்போய் என் கூட்டாளி டிரைவர் ரஃபியுவிடம் கொடுத்து, "உன் வீட்டுக்காரிய அனுப்பு" என்றேன். துணியை வாங்கிய அத்தனை பெண்களும் எங்கள் வழக்கப்படி மண்டியிட்டு நன்றி சொன்னார்களாம். கட்டாயம் வருவோம் என்றார்களாம்.

சனிக்கிழமை காலை மைல் டூ நிலையத்து வாசலில் நானும் அவளும் பச்சையும் மஞ்சளுமாக நின்றோம். அசாபியின் தலைக்கட்டு கோபுரம் கணக்காய் நின்றது. என் கையில் சோற்றுப் பெட்டி. ஊருக்கே போடுகிற அளவு சோறு. கனத்தில் என் தோள் இறங்கிவிட்டது.

யாரும் வரவில்லை.

அசாபி போன் போட்டாள். ஒருத்தி வீட்டில் மாமியார் வந்திருக்கிறாராம். இன்னொருத்திக்குக் காலில் வலி. மற்றவர்கள் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அசாபி, "பரவால்ல, பரவால்ல, உடம்பப் பாத்துக்க" என்று சொல்லி வைத்தாள். அந்தப் 'பரவால்ல'வைக் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"வா போகலாம் வீட்டுக்கு. இந்தச் சோத்தை நாய்க்குப் போட்டாலும் வாலை ஆட்டும். நேரா சந்தைக்குப் போயி ஒவ்வொருத்தி கூடையையும் எட்டி ஒதைச்சு..."

"ஒண்ணும் ஒதைக்க வேணாம்" என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "ஊரைப் பாக்கணும்னு கெளம்பினேன். பாத்துட்டே வர்றேன்."

அட்டையைத் தொட்டால் கதவு திறக்கிற அந்த வாசலில் நான் மாட்டிக்கொண்டதையும் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்ததையும் இங்கே விரிவாகச் சொல்லப்போவதில்லை. ஒருவழியாக மேடைக்கு ஏறினோம். அங்கே, கடைசித் தூண் அருகில், பச்சைத் துணியில் மஞ்சள் பறவைகள்.

இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான பெண், புதிதாகத் தைத்த உடுப்பு, தனியாக நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தைக்காரிகளின் முகமெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? விடியும் முன் வண்டி எடுப்பவன் நான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

"வந்தியா தாயி! நீ ஒருத்தியாவது வந்தியே! உன் வயிறு குளிரணும், உன் வீடு நெறையணும்! அந்தக் கூட்டத்துல மனுஷப் பொறப்பு நீ ஒருத்திதான்!"

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்து மூடிக்கொண்டாள். பிறகு என்னைத் தாண்டிப் பார்த்து, அசாபியின் முன்னால் போய் மண்டியிட்டு, "வணக்கம்மா. நல்லபடியா இருங்கம்மா" என்றாள். அசாபி அவளைத் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் என்னையும் எங்கள் மகள் பிசோலாவையும் தவிர வேறு ஆளை அவள் அணைத்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியைத் தூக்கப் போய்விட்டேன்.

ரயில் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். அசாபி ஜன்னல் பக்கம். பெட்டியைத் திறந்து அவளுக்கு ஒரு மீன் துண்டு எடுக்கப் போனாள் அசாபி. சீருடைக்காரன் ஓடி வந்தான்.

"அம்மா, இங்க சாப்பிடக் கூடாது. எறங்கினப்புறம் எனக்கும் சேத்துச் சாப்பிடுங்க."

வண்டி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் நெடுஞ்சாலை பக்கத்தில் வந்து சேர்ந்தது. என் சாலை, என் ஆட்கள். வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒரு டான்ஃபோக்காரன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு லாரிக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"அங்க பாருங்க" என்றாள் அசாபி. "நீங்களேதான்."

"நான் அப்படியெல்லாம் கத்த மாட்டேன்."

"ஆமாமா. நீங்க எறங்கிப் போயில்ல கத்துவீங்க!"

அந்தப் பெண் களுக்கென்று சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஓரத்தில் மசூதியின் பச்சைக் கோபுரம், மொட்டை மாடிகளில் காயும் துணி, கயிற்றில் கட்டிய பலகையில் தொங்கியபடி வர்ணம் அடிக்கும் இரண்டு பேர், எல்லாம் வந்து வந்து போயின. இத்தனை வருஷம் ஓட்டியும் இந்தச் சாலையில் நான் பார்த்தது முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தை மட்டும்தான்.

தேசிய அரங்கம் வந்ததும் அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "அம்மா, அது என்னம்மா? யாரோ ஜெனரல் தொப்பியக் கழட்டி வச்சிட்டு மறந்து போயிட்ட மாதிரி!" எல்லோருக்கும் தெரிந்த கட்டடம் இவளுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு தரை முடிந்துவிட்டது. தண்ணீர். இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு பக்கம் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் கப்பல்களும், மறு பக்கம் பாலத்தில் ஊர்ந்து போகும் வண்டிகள், கீழே வலை வீசிக்கொண்டு ஒற்றை ஆள் படகு, எதிரே தீவின் உயரமான கட்டடங்கள் வெயிலில் நின்றன. அசாபி இரண்டு கைகளையும் விரித்து ஏந்தினாள். "அல்லாஹ்வே, உனக்கு நன்றி. இதைப் பாக்க என்னை வச்சிருந்ததுக்கு நன்றி. மூச்சு விட வச்சதுக்கு நன்றி." மெதுவாகத்தான் சொன்னாள். எதிரில் சிலுவைச் சங்கிலி போட்டிருந்த ஒரு பெரியவர், "ஆமென்" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பிறகு ரயில்பெட்டி முழுக்கச் சொன்னது. எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசி நிலையத்தில் இறங்கி, தண்ணீரோரமாக ஒரு மர நிழலைப் பிடித்து உட்கார்ந்தோம். அசாபி தக்காளிச் சோற்றையும் வறுத்த வாழைப்பழத்தையும் மீனையும் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"ரஃபியு கிட்டச் சொல்லும்மா. உன்னத் தனியா அனுப்பி வச்சாரே, அந்த மனசை நான் மறக்க மாட்டேன்னு."

"ரஃபியுவா? யாரும்மா அது?"

"உன் புருஷன்!"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அசாபியைப் பார்த்தாள். "எனக்கே தெரியாம எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"என்ன உளர்ற?" என்றேன் அசாபியிடம். "இது உங்க சந்தை ஆளு."

"சந்தையில இவளை நான் கண்ணால பாத்தது கெடையாது. உங்க ஆளு, ரஃபியு பொண்டாட்டின்னுல்ல நெனச்சேன்!"

அந்தப் பெண் மண்டியிட்டாள்.

"தப்புதாம்மா. அங்கேயே சொல்லியிருக்கணும். எம் பேரு மொரேனிகே. ஒக்போமோஷோவிலேருந்து வந்து மூணு மாசம் ஆகுது. ஓரிலே பாலத்துக்குக் கீழ ஒரு கடையில தலை பின்னி விடறேன். இன்னிக்குத்தான் மொத லீவு. மொத ஸ்டேஷன்லேருந்தே ரயில்ல போயி ஊரைப் பாக்கலாம்னு மைல் டூவுக்கு வந்தேன், தனியா. துணி... இது நான் வாங்கினது. உங்க துணின்னு எனக்குத் தெரியாது." அவள் என்னைக் காட்டினாள். "இந்த ஊருக்கு வந்ததுலேருந்து 'தள்ளு', 'எறங்கு', 'சீக்கிரம்', இந்த மூணுதாம்மா எல்லாரும் எங்கிட்டச் சொன்னது. பாபா ஓடி வந்து 'வந்தியா தாயி'ன்னாரு. இல்ல, நான் வரலன்னு அவருகிட்ட எப்பிடிச் சொல்றது?"

அந்த மூன்றையும் நாளெல்லாம் கத்துகிறவன் நான்.

"துணிய எங்க வாங்கின?" என்று கேட்டாள் அசாபி.

"மைல் டூ சந்தையிலம்மா. வெங்காயம் விக்கிறவங்க. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும். சல்லிசாக் குடுத்தாங்க. இன்னும் ரெண்டு மூணு துண்டு இருக்கு, ஆள் இருந்தாச் சொல்லுன்னாங்க."

சகீரா அம்மா என்று அசாபி உடனே கண்டுகொண்டாள். வரிசையில் முதல் ஆள். துணியை வாங்கும்போது அழுதவள். அவள் தன் துணியை மட்டும் விற்கவில்லை. மற்றவர்களுடையதையும் சேர்த்து விற்றுக்கொடுத்திருக்கிறாள். அசாபியின் முகத்தில் ஈயாடவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரை அடிப்பது என்று தெரியாமல் நின்றேன். பக்கத்தில் தண்ணீர்தான் இருந்தது.

"உக்காருங்க" என்றாள் அசாபி. பிறகு மொரேனிகேயின் கையில் இருந்த தட்டை மெல்ல வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அவங்க ஏன் வித்தாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சாப்பிடு."

"பிசோலா அம்மா, சோறு ஆறுது" என்றேன் நான். கண்ணைக் காட்டினேன். சொல்லாதே என்று தலையை ஆட்டினேன். ஒரே ஒரு ஆள் வந்திருக்கிறாள், அதுவும் தவறிப்போய். அதையும் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

"நீங்க சும்மா இருங்க. தெரியாம சாப்பிட்டா அது எனக்குச் சோறு போட்ட கணக்கே இல்ல." அவள் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு நெஞ்சுல சளி நோய் இருந்துச்சும்மா. டி.பி. அதுக்குப் பயந்துதான் அவங்க வரல."

பாலத்தின் மேல் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நான் மொரேனிகேயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை பின்வாங்கினால் என் மனைவி இனி சந்தைக்கும் போகமாட்டாள், எங்கும் போகமாட்டாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"மாத்திரை எல்லாம் முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்."

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"யாருக்கும் ஒட்டாதுன்னாரு."

"அப்புறம் ஏம்மா எனக்கு வால் துண்டு வச்சீங்க?" என்றாள் அவள். "பாபா தட்டைப் பாருங்க. நடுத்துண்டு! நாள் பூரா உக்காந்து வண்டி ஓட்டுறவருக்கு நடுத்துண்டு, நின்னு தலை பின்னுறவளுக்கு வாலா?"

கையை நீட்டி, என் தட்டை விட்டுவிட்டு அசாபியின் தட்டிலேயே, அவள் ஏற்கெனவே ஒரு வாய் எடுத்திருந்த மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். "காரம் பத்தல" என்றாள்.

அசாபி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சோற்றை உருட்டி அந்தப் பெண்ணின் வாயில் வைத்தாள். அவள் ஒன்று திருப்பி வைத்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டில், நான் ஒருத்தன் அங்கே இருப்பதையே மறந்துவிட்டுச் சாப்பிட்டார்கள். நான் நடுத்துண்டை அவர்கள் தட்டில் தள்ளிவிட்டு வால் துண்டைத் தின்றேன். எனக்கு அவ்வளவு நிறைவு இருந்தது.

மிச்சச் சோற்றைத் தண்ணீரோரம் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். ஒருவரும் மறுக்கவில்லை. திரும்பும்போது அசாபி மறுபக்க ஜன்னலில் உட்கார்ந்து, போகும்போது பார்க்காமல் விட்டதையெல்லாம் பார்த்தாள். ஓரிலே நிலையத்தில் மொரேனிகே இறங்கி, ரயில் நகர்ந்து மறையும் வரைக்கும் மேடையில் நின்று கையசைத்தாள்.

எங்கள் வழக்கத்தில் நன்றியை அன்றைக்கே சொன்னால் அது பாதி நன்றிதான். விடிந்ததும் தேடிப்போய், "நேற்றைக்கு நன்றி" என்று சொன்னால்தான் முழுசாகும். மறுநாள் காலை அசாபியைச் சந்தையில் ஏற்றிக்கொண்டு ஓரிலேக்குப் போய் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்வதாக ஏற்பாடு. வண்டியில் ஆட்களை அடைத்துக்கொண்டு சந்தைக்குள் திருப்பினேன்.

ஆனால் மொரேனிகே எங்களை முந்திக்கொண்டுவிட்டாள். வேலைக்குப் போகும் சாதாரண உடுப்பில், கருவாட்டுக் கூடைக்கு முன்னால், சகதியில் மண்டியிட்டிருந்தாள். "நேத்தைக்கு நன்றிம்மா!" அசாபியும் எதிரில் மண்டியிட்டிருந்தாள். "ஏண்டி, நானில்ல வந்து சொல்லணும்! எந்திரி!" "நீங்க எந்திரிங்க!" இரண்டு பேரும் எழுவதாக இல்லை. கடைசியில் அப்படியே தரையில் உட்கார்ந்து, அசாபியின் காலைக் கஞ்சியை ஒரே கிண்ணத்தில் குடிக்க ஆரம்பித்தார்கள். வரிசை முழுக்கக் கைவேலையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. வெங்காயக் குவியலுக்குப் பின்னால் சகீரா அம்மாவும்.

நான் இறங்கினேன். பின்னால் பயணிகள் கத்தினார்கள். கண்டக்டர் பையன் கதவைத் தட்டினான். எங்கள் ஊரில் சின்னவர்கள்தான் பெரியவர்களின் முன் விழுந்து வணங்குவார்கள். என் வயதுக்காரன் தன் மகள் வயதுப் பெண்ணின் முன் விழுந்ததாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நான் நெடுஞ்சாண்கிடையாக, நெஞ்சு தரையில் பட, அவள் முன்னால் விழுந்தேன்.

"ஐயோ பாபா! எந்திரிங்க! என்ன வேலை இது, எனக்கில்ல பாவம் சேரும்!" என்று மொரேனிகே அலறினாள். வண்டிக்குள் சத்தம் அடங்கிவிட்டது.

"நேத்தைக்கு நன்றி" என்றேன் தரையைப் பார்த்து. என் குரலில்தான், சந்தை முழுக்கக் கேட்டிருக்கும்.

சகீரா அம்மா மெதுவாகக் கேட்டாள். "யாரு அசாபி, இந்தப் பொண்ணு?"

"நேத்து என்கூட ரயில்ல வந்தவ" என்றாள் அசாபி.

நான் எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டு, வண்டியை எடுக்கப் போனேன்.